"நாடு எப்படி இருக்குது?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது எப்படி

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தால் எடுக்காமலே தெரியும், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாதான். அங்கே சனி இரவு. சாப்பாடு முடித்து, யூடியூபில் இரண்டு மூன்று அரசியல் ஆய்வாளர்களைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எங்களுக்கு எடுப்பார். சுகம் விசாரிக்க ஒரு நிமிடம், பிறகு அந்தக் கேள்வி: "தம்பி, நாடு எப்படி இருக்குது?"

இலங்கையில், கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கிற தமிழரில் இந்தக் கேள்விக்கு ஆளாகாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். கேட்பவரும் சும்மா கேட்பதில்லை. பின்னால் ஒரு தொடர்மாடி வீடு இருக்கும், அல்லது ஊரில் பற்றை பிடித்துக் கிடக்கிற காணி இருக்கும், அல்லது அனுப்பலாமா விடலாமா என்று யோசிக்கிற காசு இருக்கும். நாமோ அன்றைக்கு மின்சார பில் வந்திருந்தால் "நாசமாய்ப் போகுது" என்கிறோம், காலி வீதியில் புதுக் கார்கள் நிறைய ஓடினால் "எழும்பிட்டுது, பயமில்லை" என்கிறோம்.

2022 பெப்ரவரியில் நானும் அப்படித்தான் ஒரு பதில் சொன்னேன். டொலர் 200 ரூபாய் சொச்சத்தில் மாதக்கணக்காக அசையாமல் நின்றது. தங்கச்சியின் கலியாணத்துக்கென்று சேர்த்த காசை அனுப்பலாமா என்று சித்தப்பா கேட்டார். "அனுப்புங்கோ, மத்திய வங்கி பிடிச்சு வைச்சிருக்கு, ஏறாது" என்றேன். மார்ச் 7-ஆம் திகதி பிடி தளர்ந்தது, மே நடுப்பகுதியில் டொலர் 360. பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு 20 லட்சம் எடுத்த மனிதர் மூன்று மாதம் பொறுத்திருந்தால் 36 லட்சம் எடுத்திருப்பார். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்த வேலையைச் சித்தி பார்த்துக்கொள்கிறார்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, கணக்கு எழுதும் உத்தியோகம். ஆனால் அந்த அடிக்குப் பிறகு, வாய்க்கு வந்ததைச் சொல்வதை விட்டுவிட்டு, எதைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒரு முறையைப் பழகிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

முதலில் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்

எதற்குக் கேட்கிறீர்கள், எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், எத்தனை வருடத்துக்குக் கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் விடை வாங்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேல் மாகாணம் மட்டும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. வட மாகாணத்தின் பங்கு இருபதில் ஒன்றைச் சுற்றித்தான். ஆகவே நாடு 2024-இல் 5 சதவீதம் வளர்ந்தது என்று கணக்கு வந்தால், அதில் பெரும்பகுதி கொழும்பையும் கம்பஹாவையும் சுற்றி நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சியில் நெல் விதைக்கிறவர் அந்த 5 சதவீதத்தைக் கண்ணால் காணாமலே அந்த வருடத்தைக் கடந்திருக்கக்கூடும்.

அந்த 5 சதவீதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022-இல் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023-இல் மேலும் 2.3 சதவீதம். 2021-ஐ 100 என்று வைத்து நீங்களே கல்குலேட்டரில் தட்டிப் பாருங்கள்: 92.7, பிறகு 90.6, அதற்குப் பிறகு 5 சதவீதம் ஏறினால் 95. அதாவது மூன்று வருடம் கழித்தும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை. "வளர்ச்சி" என்ற சொல்லைச் செய்தியில் கேட்டவுடன் எங்கேயிருந்து வளர்ந்தது என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதி யூடியூப் காணொளிகளைப் பார்க்கத் தேவையே இராது.

டொலர் கையிருப்பு

ஒரேயொரு எண்ணைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான். மாதத்தின் முதல் வாரம் கழிய, முந்திய மாத முடிவில் வெளிநாட்டுச் சொத்துக் கையிருப்பு எவ்வளவு என்று மத்திய வங்கி வெளியிடும். அதை ஒரு மாத இறக்குமதிச் செலவால் வகுத்துப் பாருங்கள். மூன்று மாதம் தாங்கினால் மூச்சு விடலாம், அதற்குக் கீழே இறங்கினால் ஃபோனில் குரலைத் தணித்துப் பேசுங்கள்.

ஆனால் தலைப்பு எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. நான் விழுந்த குழி இதுதான். 2021 டிசெம்பர் முடிவில் கையிருப்பு 3.1 பில்லியன் டொலர் என்று அறிவித்தார்கள், எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. அதில் 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தின் யுவான். கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமாக இருந்தால் மட்டுமே அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. காசு தேவைப்படும்போது எடுக்க முடியாத காசு. அதைக் கழித்தால் எஞ்சியது ஒரு மாத இறக்குமதிக்கும் காணாது. இது ஒன்றும் இரகசியமாக இருக்கவில்லை, நான்தான் பார்க்கவில்லை.

அதே கணக்கை 2024 முடிவுக்குப் போட்டால் 6.1 பில்லியன், அந்த வருட இறக்குமதி மாதத்துக்குச் சராசரி 1.6 பில்லியனுக்குக் கிட்ட. அந்தச் சீனப் பங்கைக் கழித்தாலும் மூன்று மாதம் மட்டுமட்டாகத் தாங்குகிறது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அந்த வருடம் அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கு மேல், சுற்றுலாப் பயணிகள் 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். குவைத்திலும் கட்டாரிலும் வீட்டு வேலை செய்கிற பெண்களின் காசு அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த அரசியல் மேடையிலும் சரியாகச் சொல்வதில்லை. அது வேறு கதை.

இன்னொரு குறி, எண் எதுவும் தேவையில்லை. வங்கி கொடுக்கிற டொலர் விலைக்கும், வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசை மாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரரின் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுப் பாருங்கள். நான் "ஏறாது" என்று சொன்ன அந்த நாட்களில் வங்கியில் 200, வெளியே 240-க்கு மேல். நூறு யார் தூரத்தில் ஒரே தாளுக்கு இரண்டு விலை இருந்தால் அதில் ஒன்று பொய் என்று விளங்கியிருக்க வேண்டும். உண்டியலில் அனுப்பச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை கொடுக்க வரவில்லை, அது சட்டத்துக்குப் புறம்பு. விலையைக் கேட்பதில் குற்றமில்லை.

விலைவாசி எண்ணை எப்படிப் படிப்பது

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாத முடிவில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது, தேசியச் சுட்டெண் அடுத்த மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு வரும். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவு மட்டும் 94.9. பிறகு அது இறங்கி இறங்கி, 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை பூச்சியத்துக்கும் கீழே போனது. செய்தியில் "விலை குறைந்துவிட்டது" என்று சொன்ன அதே கிழமை தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டில் சம்பலுக்கே ரேஷன்.

இதில் பொய் எதுவும் இல்லை, படிக்கும் முறைதான் பிழை. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். பஸ் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் பின்னுக்கும் வந்தது என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமா? அந்தச் சுட்டெண் 2021-ஐ 100 என்று வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, இன்று அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் சம்பளம் 2021-இலிருந்து இரண்டு மடங்காகியதா என்று பார்த்தால் நாடு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும். பூச்சியத்துக்குக் கீழே போனதற்கும் பெரிய காரணம் மின்சாரமும் எரிபொருளும். 2025 ஜனவரியில் மின்கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள்.

இன்னொன்று: கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் பங்கு கால்வாசி அளவுதான், தேசியச் சுட்டெண்ணில் ஐந்தில் இரண்டு பங்குக்கு வரும். அரிசியும் மீனும் ஏறுகிற மாதத்தில் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அடி கூட விழும், கொழும்பு எண் அதை முழுக்கக் காட்டாது. ஊரைப் பற்றிக் கேட்பவருக்குத் தேசிய எண்ணைச் சொல்லுங்கள்.

எண்களில் நம்பிக்கை வராதவர்கள் என்னைப் போல் சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போகலாம். மொத்த வியாபாரிகள் பெரிய வெங்காயத்துக்கும் பருப்புக்கும் சொல்கிற விலை அரசாங்கச் சுட்டெண்ணைவிட இரண்டு கிழமை முன்னால் ஓடுகிறது என்பது என் அனுபவம். செட்டியார் தெருவில் பவுண் விலையையும் கேட்டு வருவேன். வாங்குவதற்கு இல்லை, மனைவி கூட வந்தால் அதுவும் கேட்பதில்லை.

வட்டி, அச்சடிப்பு, பிறகு அந்த 2028

திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம், மேலே சொன்ன உண்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதன் ஏலம் பெரும்பாலும் புதன்கிழமைகளில் நடக்கும். 364 நாள் உண்டியலுக்கு அரசாங்கம் எவ்வளவு வட்டி கொடுக்கிறது என்பது, அரசாங்கத்தை மற்றவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதன் விலை. 2022 பிற்பகுதியில் அது 30 சதவீதத்தைத் தாண்டியது, 2025-இல் 8 சதவீதத்தைச் சுற்றி நின்றது. இதைத் தெரிந்துவைத்திருந்தால், நிலையான வைப்புக்கு யாரோ 15 சதவீதம் தருகிறார்களாம் என்று சித்தப்பா வட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரத்துக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்: அரசாங்கமே 8-க்கு வாங்கும்போது இவர் ஏன் 15 தருகிறார்?

காசு அச்சடிப்பது பற்றியும் கேட்பார்கள். 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காக மத்திய வங்கி நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. பணவீக்க இலக்கு 5 சதவீதம். அதிலிருந்து இரண்டு புள்ளிக்கு மேல் தொடர்ந்து இரண்டு காலாண்டு விலகினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைத் திருத்த ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் (அரசாங்க அறிவித்தல் ஏட்டில்) வந்தது என்று கேள்விப்பட்டால், அன்றைக்கு நீங்களே சித்தப்பாவுக்கு எடுங்கள்.

வரவு செலவுத் திட்டத்தை முழுக்க வாசிக்கத் தேவையில்லை. நான் இரண்டு இடத்தை மட்டும் பார்ப்பேன். ஒன்று, அரச வருமானம் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம். 2022-இல் அது 8 சதவீதத்துக்குச் சற்று மேல், உலகத்திலேயே அடிமட்டத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. 2024-இல் 13-ஐத் தாண்டியது. எப்படித் தாண்டியது என்று கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், 2024 ஜனவரி முதல் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இரண்டாவது, வட்டியைக் கழித்துப் பார்க்கும்போது வரவு செலவைவிடக் கூடவா. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தப்படி 2025 முதல் உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். ஒதுக்கீடுகளைக் கேட்டு மயங்காதீர்கள். வடக்குக்கு வீதி, வடக்குக்குப் பாலம் என்று நவம்பரில் வாசித்தால் அடுத்த நவம்பரில் அதில் எவ்வளவு செலவழிந்தது என்று பார்க்கிறவர்கள் நம்மில் மிகக் குறைவு.

இனி முக்கியமான இடம். 2022 ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலருக்கு நான்கு வருடத் திட்டத்தை அங்கீகரித்தது. 2024 டிசெம்பரில் ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர் பிணைமுறிகளை, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கக் கொடுத்த பத்திரங்களை, புதிதாக மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான உற்பத்தியின் டொலர் பெறுமதியோடு கட்டப்பட்டது. நாடு எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கடன்காரருக்குக் கூடக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் முதலைத் திருப்பிக் கட்டும் பெரிய சுமை 2028-இலிருந்துதான் ஏறத் தொடங்குகிறது.

இப்போது விரலை மடித்து எண்ணுங்கள். நாணய நிதியத் திட்டம் 2027-இல் முடிய வேண்டும். கடன் 2028-இல் கனக்கும். ஜனாதிபதி 2024 செப்டெம்பரில் ஐந்து வருடத்துக்குத் தெரிவானவர், அடுத்த தேர்தல் 2029. கண்காணிப்பவர் போன பிறகு, கடன் கூடிய பிறகு, தேர்தலுக்கு முந்திய வருடம். 2019-இல் இப்படியொரு தேர்தல் காலத்தில்தான் வற் வரியை 15-இலிருந்து 8-க்கு இறக்கினார்கள், அதன் பில்லை 2022-இல் வரிசையில் நின்று கட்டினோம். ஆகவே "எத்தனை வருடத்துக்குக் கேட்கிறீர்கள்" என்ற கேள்விக்குச் சித்தப்பா இரண்டு வருடம் என்றால் என் பதில் ஒன்று, ஐந்து வருடம் என்றால் வேறு. 2027 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரிச் சலுகை மழை பொழிந்தால் நான் குடையை எடுத்துவிடுவேன்.

அரசியலைப் பார்க்கிற முறை வேறு

பொருளாதாரத்துக்குக் கலண்டர் இருக்கிறது, இன்ன திகதிக்கு இன்ன எண் வரும். நம்முடைய அரசியலில் என்ன நடந்தது என்பதைவிட என்ன நடக்காமல் தள்ளிப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் நடந்ததையே பலர் பிழையாகப் படிக்கிறார்கள்.

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் ஜனாதிபதியின் கட்சியான தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 ஆசனம் எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று. கொழும்பில் சிங்கள நண்பர்கள் கையைக் குலுக்கினார்கள், "பிரச்சினை முடிந்தது, யாழ்ப்பாணமே எங்களோடு வந்துவிட்டது" என்று. கனடாவில் சித்தப்பா தலையில் கை வைத்தார், "சனம் எல்லாத்தையும் விட்டிட்டுது" என்று. இரண்டு பேருமே ஆசனத்தைப் பார்த்தார்கள், வாக்கைப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 சதவீத வாக்கு. மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம், 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் கணக்கிலிருந்தே வெளியே, மிச்சம் ஐந்தைப் பிரித்தால் கால்வாசி வாக்கு பாதி ஆசனமாகிவிடுகிறது. தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு நின்றதில் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. அதே தேர்தலில் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி ஐந்தில் மூன்று எடுத்தது. ஆறு மாதம் கழித்து, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், வடக்கு கிழக்கில் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: சனம் பழைய தலைவர்களுக்கு ஒரு அடி போட்டது, புதியவர்களுக்கு ஒரு தவணை கொடுத்தது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், ஆனால் மாவட்ட வாரியான வாக்குத் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தேர்தல்கள் ஆணைக்குழு அதைத் தமிழிலேயே வெளியிடுகிறது.

இனி நடக்காதது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசியலமைப்புக்கு 13-ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. வடக்கும் கிழக்கும் ஒன்றாக இருந்ததை உச்ச நீதிமன்றம் 2006-இல் பிரித்தது. பிரிந்த வடக்குக்கு முதல் தேர்தல் 2013-இல்தான் கிடைத்தது. 2014-க்குப் பிறகு இந்த நாட்டில் எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை. 2017-இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018-இல் பாராளுமன்றமே தோற்கடித்தது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்று அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். ஒன்பது மாகாணத்தையும் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்கள்தான் பார்க்கிறார்கள். சிங்கள மாகாணங்களுக்கும் இதே நிலைதான், ஆனால் அங்கே இதற்காக யாரும் தூக்கம் கெடவில்லை.

ஆகவே ஒவ்வொரு அரசாங்கமும் "புதிய அரசியலமைப்பு" என்று சொல்லும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பழைய முறைப்படி தேர்தல் நடத்த அனுமதிக்கும் ஒரு சிறிய திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்து நிறைவேறியதா? சாதாரணப் பெரும்பான்மை போதும், 159 பேர் இருக்கிறார்கள். அது நடக்காதவரை பெரிய பேச்சுகளுக்குச் சித்தப்பாவின் டெலிஃபோன் நேரத்தை வீணாக்குவதில்லை.

வர்த்தமானியைப் பாருங்கள். பேச்சு மேடையில் நடக்கும், அலுவல் வர்த்தமானியில் நடக்கும். 2025 மார்ச் 28 வந்த ஒரு அறிவித்தலை எடுங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அரச காணி. உறுதி போரில் எரிந்துபோனவர் எத்தனை பேர், உரித்துக்காரர் பிரான்ஸிலும் கனடாவிலும் இருக்கிற காணி எத்தனை. பெரும் எதிர்ப்பு வந்த பிறகு அதை மீளப்பெற்றார்கள். வடமராட்சியில் இருக்கிற எங்கள் பாட்டாவின் காணி அதில் இருக்கவில்லை, ஆனால் அதைத் தேடிப் பார்த்து முடிக்கிறவரை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காணி பற்றிக் கேட்பவருக்கு என் பதில் அன்றிலிருந்து மாறவில்லை: நாடு எப்படி என்று பிறகு பார்க்கலாம், முதலில் உறுதியின் பிரதியை எடுத்து வையுங்கள், நில அளவை வரைபடம் இருக்கிறதா பாருங்கள், கிராம சேவகரிடம் பெயர் இருக்கிறதா கேளுங்கள்.

அரசியலும் காசும் ஒட்டுகிற இடம்

இரண்டும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைக் காட்டுங்கள். 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தால்தான் அது கிடைக்கும். மனித உரிமை காரணமாக 2010-இல் பறிபோனது, 2017 மே மாதம் திரும்பி வந்தது. 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்று என்று ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகளை விசாரணையில்லாமல் உள்ளே வைத்த அதே சட்டம். அந்தச் சலுகை போனால் முதலில் அடி விழுவது ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண்ணுக்கு, அவள் கட்டுநாயக்கவில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும். ஆடைதான் நம்முடைய முதல் ஏற்றுமதி, அமெரிக்காதான் தனி நாடாகப் பெரிய சந்தை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருளுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்து, பிறகு 30 என்று, ஓகஸ்டில் 20-க்கு வந்தபோது தொழிற்சாலைகளில் விட்ட பெருமூச்சு கொழும்பு வரை கேட்டது.

மலையகத்தைத் தனியாகப் பாருங்கள், வடக்கோடும் கொழும்போடும் போட்டுக் குழப்பாதீர்கள். அங்கே நாடு எப்படி என்பதன் அளவுகோல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம். 2021-இல் 1,000 ரூபாய், 2024-இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள், அதில் 200 அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. அந்த அறிவிப்பு வந்து மூன்று கிழமையில் டித்வா புயல். நாடு முழுக்க 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மண்சரிவில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் உருக்குலைந்தன. நூறு வருடம் வேலை செய்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத குடும்பம், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு இடிந்த பிறகு எங்கே வீடு கட்டும் என்ற கேள்விக்கு எந்தச் சுட்டெண்ணிலும் விடை இல்லை. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற பொடியன்களில் பாதிப்பேர் ஹட்டன், பதுளைப் பக்கம்தான். சாமான் வாங்கும்போது இரண்டு நிமிடம் நின்று கதைத்தால் உங்களுக்கே தெரியும்.

ஃபோனில் சொல்லும் விதம்

எண்ணோடு திகதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். "இப்ப நல்லம்" என்று சொன்னால் அது அவர் காதில் ஐந்து வருடம் இருக்கும். "போன மாத முடிவுக் கையிருப்பு இவ்வளவு, மூன்று மாதம் தாங்கும்" என்று சொன்னால் அடுத்த மாதம் மாறலாம் என்பது சொல்லாமலே விளங்கும். என்ன நடந்தால் உங்கள் மனது மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எனக்கு அது வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி திறப்பது, தேர்தலுக்கு முந்திய வரிக் குறைப்பு, இந்த இரண்டும்தான். உங்கள் பதிலைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு சித்தி கேட்டால் காட்டலாம்.

போன முறை சித்தப்பா கேட்டது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு பற்றி. எத்தனை வருடத்துக்கு என்றேன், சாகும்வரைக்கும் என்றார். அப்படியென்றால் 2028 பற்றிக் கதைத்துப் பிரயோசனமில்லை. கனடாப் பிரஜாவுரிமை எடுத்தவர், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 2014-ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி என்றால் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ வாங்கலாம் என்றுதான் அந்த 2014 சட்டத்தில் எழுதியிருந்தது, காசு வெளிநாட்டு நாணயமாக வர வேண்டும். உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதன் வழியாகக் கொண்டுவந்தால், பிறகு விற்கும்போது காசைத் திருப்பி எடுத்துப்போவது சுலபம் என்று சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நாலாம் மாடியோ, எனக்கு முழங்கால் ஏலாதடா தம்பி" என்றார். லிஃப்ட் இருக்கிறது சித்தப்பா என்றேன். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதை அவர் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறுக்கு முதல் நான் அந்தக் கட்டடத்துக்குப் போய், ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் ஓடுமா, அல்லது படிக்கட்டு லைட்டுக்கு மட்டுமா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.